பத்திரத்தில் போட்ட விலை

சங்கிலிபூதத்தான் பத்திரம் எழுத உட்கார்ந்தால் முதலில் கேட்பது, "கொடுத்தது எவ்வளவு வே?" என்றுதான். பதில் வந்ததும் தலையை ஆட்டிக்கொள்வார். பிறகு தாளில் வேறொரு தொகையை எழுதுவார். முப்பத்தொரு வருஷமாக இதே வழக்கம். இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியும், சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ வாங்கித் தரச் சொல்லுகிறவனுக்கும் தெரியும். ஆலடிக்குறிச்சி வட்டாரத்தில் நிலத்துக்கு இரண்டு விலை. ஒன்று கையில் எண்ணிக் கொடுப்பது, இன்னொன்று பத்திரத்தில் போடுவது.

அரசாங்கம் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு வழிகாட்டி மதிப்பு வைத்திருக்கிறது. அதற்குக் கீழே போகக் கூடாது, அவ்வளவுதான். சென்ட் முப்பத்தைந்தாயிரத்துக்குக் கைமாறுகிற நஞ்சைக்கு வழிகாட்டி மதிப்பு ஏழாயிரம் என்றால், பத்திரத்திலும் ஏழாயிரம் என்றே போடுவார்கள். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த ஏழாயிரத்துக்கு மட்டும். மிச்சத்தை மஞ்சள் பையில் வைத்து, பதிவுக்கு முந்தின நாளே கொடுத்து முடித்துவிடுவார்கள். இது தப்பில்லையா என்று யாராவது கேட்டால் சங்கிலி சிரிப்பார். மழை பெய்தால் குடை பிடிக்கிறோம், அதைப் போய் யாராவது குற்றம் சொல்வார்களா என்பது அவர் கட்சி.

மற்றபடி நல்ல மனிதர். பத்தமடையிலிருந்து ஆற்றுப் பக்கம் திரும்புகிற சாலையில், பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் அவருடைய அறை. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் நிற்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டரில் தமிழ் தட்டச்சு படித்துக்கொண்டார். பிழை என்று சொல்லி அவர் எழுதிய பத்திரம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நான்கு எல்லை எழுதும்போது வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது, மடை யார் யாருக்குப் பொது என்பதுவரை எழுதுவார். இல்லாதவர்களிடம் எழுத்துக்கூலி பேச மாட்டார். அதனால் ஊரில் அவர் சங்கிலி அண்ணாச்சி. அந்த மரியாதை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தனை வருஷத்தில் அவரிடம் மல்லுக்கு நின்றவர் ஒரே ஒருவர்தான். பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஜெபசீலன். 2023-இல் அவர் ஆலடிக்குறிச்சியில் ஐம்பது சென்ட் நஞ்சை வாங்கினார். எல்லாரும் கொடுக்கிற ஊர் விலைதான் கொடுத்தார், சென்ட் முப்பத்தைந்தாயிரம்.

"பதினேழரை லட்சம் கொடுத்திருக்கேன். பதினேழரைன்னு எழுதும்" என்றார்.

"சார், எதுக்கு வீணா லட்ச ரூவாய்க்கு மேல கவர்மென்டுக்கு அழணும்? மூணரைன்னு போடுதேன். ஊர்ல எல்லாரும் அப்படித்தான்."

"மூணரைன்னு எழுதி, அதுக்குக் கீழ என்னையக் கையெழுத்துப் போடச் சொல்லுதீரா? முப்பத்திநாலு வருசம் பிள்ளைகளுக்கு விடை திருத்தினவன் வே நான். எழுதும்."

எழுதினார். ஊரே கொதித்துப்போனது. பதிவேட்டில் ஒரு பத்திரம் இவ்வளவு விலைக்கு ஏறிவிட்டால், நாளைக்கு அதைக் காட்டியே ஊர் முழுவதுக்கும் வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிடுவார்கள் என்ற பயம். வாய்க்கால் ஓரத்தில் நாலு ஏக்கர் வைத்திருந்த பெருமாள்ராஜ், வாத்தியார் வீட்டு வாசலுக்கே போய்ச் சத்தம் போடப் பார்த்தார். சங்கிலிதான் தடுத்து நிறுத்தினார். "ஒத்தப் பத்திரம்தானவே, எவன் பாக்கப் போறான்? நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அந்த 'நான் பாத்துக்கிடுதேன்' அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அதுதான் வினையாகப் போனது.

அடுத்த வருஷம் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து சங்கிலியின் தங்கை இசக்கியம்மா இறங்கி வந்தாள். அண்ணன் தங்கை இருவரும் அங்கே தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர்கள். அண்ணன் படிக்கவென்று கீழே வந்து அப்படியே தங்கிவிட்டார். தங்கை அங்கேயே வாக்கப்பட்டு, முப்பத்தாறு வருஷம் தேயிலை பறித்தாள். எஸ்டேட் குத்தகை முடிந்து தொழிலாளர்கள் எல்லாரும் மலையை விட்டு இறங்கியபோது கைக்கு வந்த பணம், செத்துப்போன புருஷனுடைய சேமநிதி, விற்ற நகை எல்லாம் சேர்த்து அவளிடம் பதினைந்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. பாங்கில் போடு, வட்டி வரும் என்று அண்ணன் சொன்னார். அவள் கேட்கவில்லை.

"முப்பத்தாறு வருசம் அடுத்தவன் செடியில பறிச்சாச்சுண்ணே. எஞ்செடின்னு ஒண்ணு நட்டுப் பாக்கணும்."

பெருமாள்ராஜ் தன் நாலு ஏக்கரில் நாற்பது சென்டை விற்க முன்வந்தார். பதினான்கு லட்சம். மடையை ஒட்டிய துண்டு, கார், பிசானம் என்று வருஷத்துக்கு இரண்டு போக நெல்லும் விளையும். சங்கிலியே நின்று பேசி முடித்தார். பத்திரம் எழுத உட்கார்ந்த அன்று இசக்கியம்மா அவருடைய மேசையில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"கொடுத்த துட்ட அப்படியே எழுதிருண்ணே. மலையில இருந்த வரைக்கும் எம்பேர்ல ஒரு தாளு கெடையாது. இந்த ஒண்ணாவது உள்ளத உள்ளபடி சொல்லட்டும்."

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ரெண்டு லட்சத்து எம்பதாயிரம்னு எழுதினா முழுசா ஒரு லட்ச ரூவா மிச்சம். அதுல ஒரு மாடு வாங்கலாம்."

அவள் ஒத்துக்கொண்டாள். அண்ணன் எழுதுகிறவர், விவரம் தெரிந்தவர். மிச்சமான லட்சத்தில் கன்றும் பசுவுமாக வாங்கி, மீதியில் வயலுக்குப் பக்கத்திலேயே தகரக் கூரை போட்டு ஒரு அறை கட்டிக்கொண்டாள். அந்தப் பிசானத்தில் முதல் நாற்றைத் தானே நட்டாள். தேயிலையில் பழகிய கை, நாற்றை நுனியில் பிடித்ததைப் பார்த்து மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து சங்கிலி பல வருஷமாகப் பார்த்ததில்லை. தங்கைக்கு நல்ல காரியம் ஒன்று செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

2025 ஆடியில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து மடிக்கணினியோடு இறங்கிய பெண்ணின் பெயர் விஜயஸ்ரீ. சென்னையில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் பொறியாளர், முப்பது வயது இருந்தால் அதிகம். சென்னையிலிருந்து மதுரை, திருநெல்வேலி வழியாகத் தெற்கே போகிற அதிவேக ரயில் பற்றி அவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நெல்லையில் ஏறினால் மூன்று மணி நேரத்தில் எழும்பூர் என்று டீக்கடையில் ஒருவர் சொல்ல, இன்னொருவர் இரண்டரை என்றார். விஜயஸ்ரீ சிரித்துக்கொண்டே மறுத்தாள்.

"இப்ப யாரும் ரயில் விடப் போறதில்லை சார். போட முடியுமா, போட்டா எவ்வளவு ஆகும், அந்தச் செலவுக்கு ஏத்த மாதிரி ஆள் ஏறுவாங்களா, இதைக் கணக்குப் போட்டு எழுதிக் கொடுக்கிறது மட்டும்தான் எங்க வேலை. செய்யலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது மேல இருக்கிறவங்க."

பயணிகள் கணக்கு, மண் பரிசோதனை, பாலம், மின்சாரம் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆட்கள் இருந்தார்கள். அவள் பொறுப்பில் இருந்தது நிலத்தின் விலை. இருபத்திரண்டு கிராமங்களில் மூன்று வருஷத்துப் பத்திரங்களை எடுத்து, நஞ்சை, புஞ்சை, மனை என்று பிரித்து, சென்ட் விலையை அட்டவணை போட்டுத் தர உள்ளூரில் விவரம் தெரிந்த ஆள் வேண்டும். எல்லாரும் கைகாட்டியது சங்கிலி அண்ணாச்சியை.

அவர் அந்த வேலையை எப்படிச் செய்தார் என்று பார்த்திருக்க வேண்டும். காலையில் ஏழு மணிக்கே அறையைத் திறந்துவிடுவார். எந்த வயலுக்கு எந்த வாய்க்கால் பாய்ச்சல் என்றுகூடக் குறித்தார். அட்டவணையைப் பார்த்து, "எங்க ஆபீஸ்லகூட இவ்வளவு சுத்தமா யாரும் செய்ய மாட்டாங்க சார்" என்று விஜயஸ்ரீ சொன்னபோது அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நகரத்துக்குக் கிழக்கே புதுக் குடியிருப்புகள் முளைத்த பகுதியில் பத்திர விலை நன்றாக ஏறியிருந்தது. வங்கிக் கடன் கூடுதலாகக் கிடைக்கும் என்று அங்கே சிலர் கொடுத்ததற்கும் மேலே கூட்டியே எழுதியிருந்தார்கள். அது சங்கிலிக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. தெரிந்து தனக்குள் சிரித்துக்கொண்டார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் விஜயஸ்ரீ ஒன்று கேட்டிருந்தாள். வழக்கத்துக்கு மாறான விற்பனை ஏதாவது இருந்தால் தனியாகக் குறித்துவிட வேண்டும். அவசரத்துக்கு விற்றது, சொந்தத்துக்குள் கைமாறியது, விலை தெரியாமல் அதிகம் கொடுத்தது போன்றவை.

ஜெபசீலனுடைய பத்திரம் வந்தது. சங்கிலி அதைத் தனியே எடுத்து வைத்தார். ரயிலோ விமானமோ, கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நிலத்தின் விலை கேட்கிறவர்கள் கடைசியில் வழிகாட்டி மதிப்பை ஏற்றத்தான் கேட்பார்கள். முப்பத்தொரு வருஷ அனுபவம் அவருக்கு அதைத்தான் சொன்னது. ஊருக்குக் கொடுத்த வாக்கும் இருக்கிறது. சிவப்பு மையில் எழுதினார்: 'வாங்கியவர் வெளியூர். உள்ளூர் விலை தெரியாமல் கூடுதலாகக் கொடுத்தது. கணக்கில் சேர்க்க வேண்டாம்.'

அன்று சாயங்காலம் டீக்கடையில் இரண்டு வடை கூடுதலாகத் தின்றார். ஊரைக் காப்பாற்றிய திருப்தி.

2026 மாசியில், ஊர்க் கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். திரையில் ஒரு வரைபடம் காட்டினார்கள். மதுரையிலிருந்து வந்த கோடு திருநெல்வேலிக்கு முன்னால் இரண்டாகப் பிரிந்தது. சிவப்புக் கோடு கிழக்கே பாளையங்கோட்டைக்கு அந்தப்புறமாகப் போனது. நீலக் கோடு மேற்கே சாய்ந்து ஆற்றைக் கடந்து வயல்களுக்குள் இறங்கியது. மேடையில் இருந்த பெரிய அதிகாரி, இது முதல்கட்ட அறிக்கைதான், யாரும் பயப்பட வேண்டியதில்லை என்று மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொன்னபோதுதான் எல்லாருக்கும் பயம் வந்தது.

"பாலம், தூண், நிலையம், எல்லாச் செலவும் ரெண்டு தடத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். வித்தியாசம் நிலத்துல. சிவப்புத் தடத்துக்கு நிலம் எடுக்க நூத்தி அம்பத்தஞ்சு கோடி ஆகும். நீலத் தடத்துக்கு முப்பத்தஞ்சு கோடிதான். அதனால இப்போதைக்கு நீலத் தடத்தைத்தான் நாங்க பரிந்துரை செய்யறோம்."

முப்பத்தைந்து கோடி என்ற எண்ணைக் கேட்டதும் மண்டபத்தில் ஒரு சலசலப்பு. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சங்கிலிக்கு மட்டும் சத்தமே கேட்கவில்லை. அந்த முப்பத்தைந்து கோடி எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். அவருடைய அறையிலிருந்து, அவருடைய கையிலிருந்து வந்தது. நீலக் கோட்டை எழுந்து போய்க் கிட்டத்தில் பார்த்தார். வாய்க்காலைத் தாண்டி, மடையை ஒட்டி, நாற்பது சென்டின் மேலேயே போனது.

அவர் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது, எட்டு வரிசை முன்னால் இசக்கியம்மா திரும்பி அவரைத் தேடிக்கொண்டிருந்தாள். அண்ணன் இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை அந்த முகத்தில் அப்படியே இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவர் மனசுக்குள் கணக்கு ஓடியது. நிலத்தை எடுத்தால் பத்திர விலையின் மேல் சட்டம் கூட்டிக் கொடுக்கும். கூட்டிக் கொடுத்தும் இரண்டரை மடங்குதான். இரண்டு எண்பதுக்கு இரண்டரை மடங்கு ஏழு லட்சம். அவள் கொடுத்தது பதினான்கு.

கூட்டம் கலைந்ததும் ஊர் ஆண்கள் எல்லாரும் அவருடைய அறைக்கு முன்னால் வந்து நின்றார்கள். நீர்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்றார்கள். சங்கிலி சொன்னார்.

"ஒரே வழிதான் இருக்கு. எல்லாரும் சேந்து உள்ளதச் சொல்லிருவோம். இன்ன விலைக்கு வாங்குனோம், இன்ன விலைக்கு வித்தோம்னு அத்தன பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். நீலக் கோட்டுக்குச் செலவு ஏறி, ரயிலு தானா கெழக்க போயிரும்."

பெருமாள்ராஜ்தான் முதலில் வாயைத் திறந்தார். அவருடைய மிச்ச நிலமும் அந்தக் கோட்டில்தான் கிடந்தது.

"அண்ணாச்சி, வெவரம் தெரிஞ்சவரு நீரே இப்படிப் பேசலாமா? உம்ம தங்கச்சிட்ட நான் வாங்கினது ரெண்டு எம்பது. பத்திரத்துல அதான் இருக்கு. மிச்சத்துல எம்மவ கல்யாணத்த முடிச்சாச்சு. இன்னைக்கு அது வெளிய வந்தா இன்கம்டாக்ஸ்காரன் எங்கழுத்துல துண்டப் போடுவான். கூட வாங்கினேன்னு எங்கயாவது சொன்னீருன்னா, நான் இல்லவே இல்லம்பேன். தப்பா நெனைக்காதீரும்."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அவர் சொன்னது நியாயம்தான். குறைந்த தீர்வைக்கு அபராதம், வட்டி, விசாரணை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பயம் இருந்தது. பைய ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். டீ சொன்னவர்கள்கூடக் குடிக்காமல் போனார்கள்.

மறுநாள் சங்கிலி நகரப் பேருந்து பிடித்து, பாளையங்கோட்டையில் விஜயஸ்ரீயின் நிறுவனம் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்குப் போனார். அவள் அவரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே, நஞ்சைக்கு உண்மையான விலை முப்பத்தைந்தாயிரம் என்று சொன்னார். முதல் தடவையாக ஒரு வெளி ஆளிடம் சொன்னார்.

விஜயஸ்ரீ மடிக்கணினியைத் திறந்து எண்ணை மாற்றிப் பார்த்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"நீலம் நூத்தி எழுபத்தஞ்சு கோடி. சிவப்பு நூத்தி அம்பத்தஞ்சு" என்றாள். "சிவப்புதான் குறைவு சார்."

"அப்பம் மாத்திருங்கம்மா. அவ்வளவுதான? மாத்திருங்க."

"எப்படி மாத்துவேன்? இங்க பாருங்க. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்துலயும் ஆதாரம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன எழுதட்டும்?"

"எம்பேர எழுதுங்க. சங்கிலிபூதத்தான், பத்திர எழுத்தர்னு."

"எழுதறேன். யாரு இவர்னு கேட்பாங்க. இந்த நஞ்சைப் பத்திரத்துல முக்கால்வாசியை எழுதினவர்னு சொல்லணும். அப்ப இவர் எழுதினதெல்லாம் பொய்யா, இப்ப சொல்றது பொய்யான்னு கேட்பாங்க. நான் என்ன சொல்ல?"

சங்கிலி இப்போதுதான் உட்கார்ந்தார். அவள் கோபமாகப் பேசவில்லை. அவளுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அடுத்த அறிக்கையைச் சீக்கிரம் கொடுக்கச் சொல்லி மேலே இருந்து தினமும் போன் வந்துகொண்டிருந்தது.

"வாத்தியார் பத்திரம் ஒண்ணு உண்டும்மா" என்றார் திடீரென்று ஞாபகம் வந்து. "ஜெபசீலன் சார். அதுல உள்ள வெலதான் போட்டிருக்கு. பதினேழரை லட்சம். பதிவான பத்திரம். அது ஆதாரந்தான?"

விஜயஸ்ரீ தேடினாள். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் கொடுத்த தாளையே படம் பிடித்து வைத்திருந்தார்கள். சிவப்பு மை. அவருடைய அழகான, ஒரு சுழி பிசகாத கையெழுத்து. கணக்கில் சேர்க்க வேண்டாம்.

"நீங்க எழுதினதாலதான் நீக்கினேன் சார். ஒரே ஒரு பத்திரத்தை வெச்சு நான் மொத்த விலையையும் மாத்தியிருக்க முடியாது. ஆனா அது இருந்திருந்தா, பக்கத்து வயல் மட்டும் ஏன் இவ்வளவு குறைவுன்னு உங்களைக் கேட்டிருப்பேன். இப்ப முதல்கட்ட அறிக்கை அந்த எண்ணோடயே மேல போயிடுச்சு."

"ரயிலு எப்பம் வரும்?" என்று கேட்டார் சங்கிலி. வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"வருமான்னே தெரியாது சார். நிதி ஒதுக்க பத்து வருஷம் ஆகலாம். ஒதுக்காமலும் போகலாம். ஆனா கோடு இருக்கிற வரைக்கும் அந்த நிலத்தை யாரும் வாங்க மாட்டாங்க. அடமானமும் போகாது."

ரயில் வந்தாலும் நஷ்டம், வராவிட்டாலும் நஷ்டம். அவள் வாசல்வரை வந்து வழியனுப்பினாள். ஆட்சேபனை இருந்தால் முப்பது நாளுக்குள் படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம் என்றும், தன்னால் முடிந்தால் அதில் ஒரு குறிப்பு வைத்து அனுப்புவதாகவும் சொன்னாள். நல்ல பெண். நல்லவர்களாக இருந்து அவளுக்கும் பயனில்லை, அவருக்கும் பயனில்லை.

இருபத்தெட்டாம் நாள் அவர் படிவத்தை எடுத்துக்கொண்டு தங்கையிடம் போனார். அதுவரை அவள் பக்கம் போகாமல் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். பிசானம் கதிர் முற்றி, அறுப்புக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. இசக்கியம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, வரப்பில் ஒரு சாக்கை விரித்துப் போட்டாள். நடந்ததை எல்லாம் அவர் சொன்னார். சிவப்பு மையையும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவர்தான்.

அவள் திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். சாக்கின் ஓரத்தை நேராக இழுத்து விட்டாள்.

"வாத்தியாருக்காவது அந்தப் பதினேழரை கெடைக்குமா?" என்று கேட்டாள்.

"அவருக்கும் ஊரார் பத்திரத்துல போட்ட வெலதான். எல்லாருக்கும் ஒரே வெலதான்."

"பாவம்" என்றாள். பிறகு, "சரி, எழுதுண்ணே. என்ன எழுதணுமோ எழுது. மலையிலயும் மனு எழுதித்தான் பாத்தோம். எழுதாம இருக்கக் கூடாதுல்லா."

அவர் எழுத ஆரம்பித்தார். பெயர், தகப்பனார் பெயர், சர்வே நம்பர், பத்திர எண், தேதி. நான்கு எல்லை. மடை, வாய்க்கால் எல்லாம் பழக்கத்தில் தானாகவே வந்தது. வாழ்வாதாரம் என்ற கட்டத்தில், மலையிலிருந்து இறங்கி வந்தவள், வேறு நிலமோ வீடோ கிடையாது என்று இரண்டு வரி எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. நிலத்தின் மதிப்பு என்று அச்சடித்திருந்தது.

இசக்கியம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும்.

"இப்பமாவது நான் கொடுத்தத எழுதேண்ணே."

எழுதிவிடலாம்தான். பதினான்கு லட்சம், இரண்டே சொல். எழுதினால் பத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று மனுவையே தள்ளுவார்கள். தள்ளுவதோடு விட்டால் பரவாயில்லை. பொய்ப் பத்திரம் பதிந்தவள் என்று அவளுக்குத்தான் முதலில் நோட்டீஸ் வரும், குறைந்த தீர்வையை அபராதத்தோடு கட்டு என்று. மாட்டை விற்றால்கூட அதற்குப் பற்றாது. பெருமாள்ராஜ் வாங்கவே இல்லை என்பார். இத்தனையையும் அவளுக்குச் சொன்னார். சொல்லச் சொல்ல, சொல்லுகிற தன் குரலே அவருக்குப் பிடிக்கவில்லை.

"அப்பம் அத எழுத முடியாது" என்றாள் அவள்.

"முடியாதுட்டி."

"எனக்கு ஏழு லட்சம் கெடைக்கும்."

"கெடைச்சா அவ்வளவுதான்."

"அதுக்கு இங்கன எத்தன சென்ட் வாங்கலாம்?"

இருபது என்று அவருக்குத் தெரியும். குனிந்து, கட்டத்தில் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார். பிழையில்லாமல் எழுதினார்.

"வாசி" என்றாள். எஸ்டேட்டில் கடைசி நாள் நீட்டிய தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டாள். அதிலிருந்து எதையும் வாசிக்கக் கேட்காமல் அவள் கையெழுத்துப் போடுவதில்லை.

அவர் வாசித்தார். பெயர், ஊர், எல்லை எல்லாம் வழக்கமான குரலில் போயிற்று. மதிப்பு வந்த இடத்தில் குரல் இறங்கியது. அவள் தலையை ஆட்டினாள். கடைசி வரி படிவத்திலேயே அச்சடித்திருந்தது. ஆயிரக்கணக்கான தாள்களில் அவர் பார்த்த வரிதான். பார்த்தும் பார்க்காமலும் கடந்துபோகிற வரி. அங்கே வந்து நிறுத்திவிட்டு, தாளை அவளிடம் நீட்டினார்.

"இன்னும் ஒரு வரி இருக்குல்லா" என்றாள் இசக்கியம்மா. "அதையும் வாசிண்ணே."

"மேலே கூறியவை அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்" என்று சங்கிலி வாசித்தார்.

அவள் பேனாவை வாங்கி, தாளை முழங்காலில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தித் தன் பெயரை எழுதினாள்.